டீச்சர் எப்படிச் சட்டமன்றத்துக்குப் போகிறார்? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாண வழி

(திரையில்: மாகாண வாக்குச்சீட்டின் மாதிரி)

வணக்கம். இந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கட்சியின் பெயர், சுருக்கப் பெயர், சின்னம், தலைவர் படம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் 25 வருஷம் கணக்குப் பாடம் நடத்தி, சனிக்கிழமை தோறும் முதியோர் இல்லத்துக்கு அரிசி பருப்பு சேர்த்துக் கொடுத்த ஒரு டீச்சர் இந்தத் தடவை சட்டமன்றத்துக்கு நிற்கிறார் என்று ஊரே பேசுகிறது. அவர் பெயர் இதில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை.

இந்த வீடியோவில் வரும் டீச்சர் ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தும் சமூக சேவையிலிருந்தும் மாகாணச் சட்டமன்றம் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற எவருக்கும் இதே வழிதான், இதே முட்டுக்கட்டைகள்தான்.

(திரையில்: பட்டியல், 1 முதல் 80 வரை எண்கள்)

தமிழ்நாட்டுத் தேர்தல் செய்தி பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே மாகாணத் தேர்தலில் தொகுதி கிடையாது. குவாசுலு-நேட்டால் முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. கட்சி ஒரு பட்டியல் கொடுக்கும். மக்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள். கிடைத்த இடங்களுக்குத் தகுந்தபடி பட்டியலின் மேலிருந்து ஆட்கள் உள்ளே போவார்கள். அரசியல் சட்டப்படி ஒரு மாகாணச் சட்டமன்றத்தில் 30 முதல் 80 உறுப்பினர்கள் இருக்கலாம். நம்முடையது 80.

ஓர் இடத்துக்கு எத்தனை ஓட்டு? செல்லுபடியான ஓட்டு 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை 80-ஆல் வகுக்கக் கூடாது, 81-ஆல் வகுக்க வேண்டும். 43,209 சொச்சம் வரும். ஒன்று கூட்டி, பின்னத்தை விட்டுவிட்டால் 43,210. அதுதான் ஓர் இடத்தின் விலை. இப்படி முழுதாகக் கிடைத்த இடங்களைக் கொடுத்த பிறகு மிஞ்சும் இடங்கள், யாரிடம் மீதி ஓட்டு அதிகமோ அவர்களுக்குப் போகும். சின்னக் கட்சிகள் உள்ளே வருவது பெரும்பாலும் இந்த மீதியை நம்பித்தான். இந்தியர்களின் ஓட்டை நம்பி அமிச்சந்த் ராஜ்பன்சி தொடங்கிய மைனாரிட்டி ஃப்ரண்ட் 1994 முதல் இந்த அவையில் இருந்தது; 2024-ல் கடைசி ஓர் இடமும் போய்விட்டது.

2024 மே 29 தேர்தலில் டி.ஏ. (டெமாக்ரடிக் அலையன்ஸ்) கட்சிக்கு 11 இடம். பட்டியலில் 11-ஆவது பெயர் சட்டமன்றத்துக்குள், 12-ஆவது பெயர் வீட்டில். சேவையில் இருவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம். அதனால் டீச்சருக்கு உண்மையான தேர்தல் மே மாதத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்பே கட்சிக்குள் கிளைக் கூட்டம், நேர்காணல், வரிசை முடிவு என்று நடந்து முடிந்துவிடுகிறது. தொண்டு செய்பவர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். ஊரில் நல்ல பெயர் இருந்தால் கட்சி தேடி வரும் என்று இருந்துவிடுகிறார்கள். கிளைக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர் மேலே போய்விடுகிறார்.

தனியாக நிற்க முடியாதா? 2024 முதல் முடியும். 1,000 வாக்காளர்களின் கையொப்பம் வேண்டும். ஆனால் அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. தனி ஆள் ஒருவர் 40,000 ஓட்டுக்கு மேல் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

(திரையில்: பள்ளி வருகைப் பதிவேடு)

அடுத்தது வேலை. அரசியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவு: அரசிடம் சம்பளம் வாங்குகிறவர் மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. வேட்பாளராக நிற்கலாம், உறுப்பினராக உட்கார முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இது நேராகப் பொருந்தும். 2024-ல் ஓட்டுப்பதிவு மே 29, அவை முதலில் கூடியது ஜூன் 14. இடையில் 16 நாள். அதற்குள் அரையாண்டு மதிப்பெண் பதிவு, பாடப்புத்தகக் கணக்கு, ஓய்வூதியத் தாள்கள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பது கஷ்டம். பட்டியலில் பெயர் ஏறிய அன்றே தலைமையாசிரியருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. ஒரே மாதத்தில் இரண்டு அரசுச் சம்பளம் கணக்கில் ஏறினால் பிறகு அவஸ்தைதான்.

சமூக சேவைப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 'சோஷியல் வர்க்கர்' என்ற பட்டத்தை இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு நான்கு வருடப் பட்டப்படிப்பும், சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவும் வேண்டும். கோயிலில் அன்னதானம் நடத்துகிறவர் சமூகத் தொண்டர். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பிரசாரத் துண்டுத்தாளில் தவறான பட்டத்தைப் போட்டால் எதிர்த்தரப்பு சும்மா விடாது.

அவர் நடத்தும் சங்கம் அரசிடம் பதிவான தொண்டு நிறுவனமாக இருந்தால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் போக வேண்டும். போகாவிட்டால் பதிவு ரத்தாகலாம். பிறகு மானியமும் நின்றுவிடும். டீச்சர் உறுப்பினரானதும் இந்தக் காகித வேலையைப் பார்க்க ஆள் இல்லாமல் போவதுதான் வழக்கமான கோளாறு. பொருளாளர் பொறுப்பை முன்பே இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சமூக மேம்பாட்டுத் துறையின் மானியம் வாங்கும் சங்கத்துக்குத் தலைவராக இருந்துகொண்டே அதே துறையைக் கேள்வி கேட்கும் குழுவில் உட்காருவதும் சரியில்லை.

(திரையில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க், சட்டமன்றக் கட்டடம்)

இது பழைய நேட்டால் காலனியின் பாராளுமன்றக் கட்டடம். இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறித்த 1896-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காலனிப் பாராளுமன்றம் போட்டது. 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய 342 பேரின் வழி வந்தவர்கள், 1994-க்குப் பிறகு அந்த ஊரிலேயே சட்டம் போட உட்கார்ந்தார்கள். நடுவில் 1984-ல் இந்தியர்களுக்கென்று தனி அவை கொடுத்தார்கள். பெரும்பாலானோர் ஓட்டுப் போடவே போகவில்லை. இந்த வரலாறு தெரியாமல் அந்தப் படியில் ஏறக் கூடாது.

உள்ளே போனதும் டீச்சர் என்ன செய்ய முடியும்? வரவுசெலவு மசோதாவை அவர் கொண்டுவர முடியாது. அது நிதிப் பொறுப்பிலுள்ள மாகாண அமைச்சருக்கு மட்டுமே. மேடைப் பேச்சால் பெரிதாக எதுவும் நகராது. அவர் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் துறைக் குழு. 115-ஆவது பிரிவுப்படி குழு யாரையும் அழைத்துச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சி கேட்கலாம், ஆவணம் கேட்கலாம்.

ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். கட்டணம் வாங்காத பள்ளிகளுக்கு 2024-ல் தேசிய அளவில் குறித்த தொகை, ஒரு மாணவருக்கு 1,672 ரேண்ட். குவாசுலு-நேட்டால் கொடுத்து வந்தது 955 ரேண்ட். 800 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வர வேண்டியது 13,37,600, வந்தது 7,64,000. குறைவு 5,73,600 ரேண்ட். தண்ணீர், மின்சாரம், நோட்டுப் புத்தகம், கழிப்பறை ரிப்பேர் எல்லாம் இந்தப் பணத்தில்தான்.

இப்போது குழுவில் ஒரு கேள்வி: "பள்ளிகளுக்குப் பணம் ஒழுங்காகப் போகிறதா?" அதிகாரி "போகிறது, மாண்புமிகு உறுப்பினர் அவர்களே" என்பார். அதோடு சரி.

அதையே இப்படிக் கேளுங்கள்: "மே 15-க்குள் முதல் தவணை சேராத பள்ளிகள் எத்தனை? 12 கல்வி மாவட்டங்களுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சேராததற்குக் காரணம், பள்ளி ஜூன் 30-க்குள் தணிக்கைக் கணக்கு கொடுக்காததா, துறையிடம் காசு இல்லாததா? எழுத்தில் எந்தத் தேதிக்குள் தருவீர்கள்?" இப்போது அதிகாரி மழுப்ப முடியாது. சாட்ஸ்வொர்த் வரும் உம்லாசி மாவட்டத்தின் எண்ணிக்கையையும் ஃபீனிக்ஸ் வரும் பைன்டவுன் மாவட்டத்தின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்தால், கோளாறு பள்ளியிலா துறையிலா என்று புலப்படும். வருஷக் கணக்காக விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு இந்த வேலை நன்றாக வரும். ஆசிரியர்கள் குழுவில் சோபிப்பது இதனால்தான் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு சிக்கலையும் ஆசிரியர்தான் முதலில் பிடிப்பார். எந்தப் பள்ளி எத்தனை ஏழை என்பதை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வசதியை வைத்துத்தான் படி குறிக்கப்படுகிறது. ஓடு வேய்ந்த வீடுகள் நடுவே இருக்கும் பள்ளிக்குத் தகரக் குடிசையிலிருந்து டாக்ஸி ஏறி வரும் பிள்ளை, அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

(திரையில்: மூன்று பெட்டிகள்)

உறுப்பினரான டீச்சரின் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை உதவி கேட்டு வருபவர்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர், குப்பை, தெருக்குழி என்றால் ஈதெக்வினி (டர்பன்) மாநகராட்சி. முதியோர் உதவித்தொகை, அடையாள அட்டை என்றால் தேசிய அரசு. பள்ளிச் சேர்க்கை, மாகாண மருத்துவமனை என்றால் நம் டீச்சரின் அவை. முதல் நாளிலேயே இதைப் பிரிக்காதவர் எல்லாருக்கும் "பார்க்கிறேன்" சொல்லி, யாருக்கும் செய்யாமல் நிற்பார். வருபவர்களில் பலர் சுலு பேசுவார்கள். சுலு தெரியாமல் இந்த வேலை நடக்காது. தமிழ் இங்கே ஆட்சி மொழி இல்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டு மனுக் கொடுப்பவர்கள் இந்த வரியை மேற்கோள் காட்டலாம்.

கட்சியை விட்டு விலகினால் இடமும் போய்விடும். அனுமதியில்லாமல் தொடர்ந்து வராமல் இருந்தாலும் அப்படித்தான். 2024-ல் அரசு அமைத்த நான்கு கட்சிகளுக்கும் சேர்த்து 80-ல் 41 இடம். இப்படிப்பட்ட அவையில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே கொறடா போன் செய்துவிடுவார்.

அடுத்த தேர்தல் 2029-ல். நிற்க நினைக்கும் ஆசிரியர் இப்போதே செய்ய வேண்டியது: கட்சி உறுப்பினர் சந்தாவை விட்டுப்போகாமல் கட்டுவது, சங்கத்தின் பாக்கி ஆண்டறிக்கைகளை அனுப்பிப் பதிவைச் சரிபார்ப்பது, சுலு வகுப்பில் சேருவது, தன் மாவட்டத்துப் பள்ளிகளின் தவணைத் தேதிகளை ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குவது.