பெடல் அதிரும்போது காலை எடுக்காதீர்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மாலையில் நான் அந்த வழியே இறங்கி வந்தேன். ஒரு வளைவை நெருங்கும்போது எதிரே வந்த பேருந்து பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்புவதைக் கண்டு பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பாதத்துக்கு அடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்ற பதற்றத்தில் காலைத் தூக்கிவிட்டு, மறுகணமே மீண்டும் அழுத்தினேன். பேருந்துக்குச் சில அடி தூரத்தில் கார் நின்றது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு பொருத்திய காரை நான் ஓட்டத் தொடங்கிய புதிது அது. இன்று ஆட்டோமொபைல் பாடம் நடத்தும் ஆசிரியனாக என் மாணவர்களிடம் முதலில் சொல்வதும் அந்த அதிர்வைப் பற்றித்தான். ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நேரத்தில் காலை எடுக்கக் கூடாது.

சக்கரம் உருண்டுகொண்டிருக்கும் வரைதான் ஸ்டீயரிங் சொன்னபடி கார் திரும்பும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலும் வேகம், கார் நகரும் வேகத்தைவிடச் சற்றுக் குறைகிறது. நல்ல தார்ச்சாலையில் இந்த வேறுபாடு நூற்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 30 வரை இருக்கும்போது டயரின் பிடிப்பு உச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு குறையத் தொடங்குகிறது. பிடிப்பு குறைவதால் சக்கரம் இன்னும் வேகம் இழந்து, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் முழுதாக நின்று, ரப்பர் தேய்ந்தபடி வழுக்குகிறது. முன்சக்கரங்கள் இப்படி லாக் ஆகிவிட்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே போகும். மலைப்பாதையில் அந்த நேர்க்கோடு எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தடுக்க, ஒவ்வொரு சக்கரத்தின் வேகமும் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிய வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு பல் வளையமும், அதற்கு மிக நெருக்கமாக, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அமர்ந்திருக்கும் ஒரு காந்த சென்சாரும் அந்த வேலையைச் செய்கின்றன. வளையத்தில் 48 பற்கள் இருப்பதாகவும், டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு ஏறத்தாழ 300 மின் துடிப்புகள் பெட்டிக்கு வந்து சேரும். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் நீள்வதைக் கொண்டு, சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதைப் பெட்டி கணக்கிட்டுக்கொள்கிறது.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. சக்கரங்களின் வேகத்தை அளக்கிறோம். ஆனால் காரின் வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இதில் இல்லை. ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணும் சக்கரச் சுழற்சியிலிருந்து வருவதுதான். நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் வழுக்கத் தொடங்கினால், கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்குக் கண்ட விடையைத்தான் ஏபிஎஸ்ஸின் மிக அழகான பகுதி என்று நான் கருதுகிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், நன்கு காய்ந்த சாலையில்கூட, நிற்பதற்கு ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு அதற்குமேல் இடம் கொடுக்காது. ஆகவே ஒரு சக்கரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கப் போவதாகத் துடிப்புகள் காட்டினால், காரும் அப்படி நிற்க முடியாது என்பது பெட்டிக்குத் தெரியும். அது பொதுவாக, வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டு, அந்த வேகமும் இயற்கை அனுமதிக்கும் அளவைவிட விரைவாகக் குறையும்போது, தானே கணித்த வீதத்தில் காரின் வேகம் குறைவதாக மதிப்பிட்டுக்கொண்டு போகிறது. அந்த மதிப்பீட்டோடு ஒவ்வொரு சக்கரத்தையும் ஒப்பிடுவதால்தான் எது வழுக்குகிறது என்று அதனால் சொல்ல முடிகிறது.

முடிவெடுத்தபின் செய்வது எளிது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் பிரேக் ஆயில் வழியில் இரண்டு மின்காந்த வால்வுகள் இருக்கின்றன. உள்வழி வால்வை மூடினால், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரத்தில் அழுத்தம் ஏறாது. அதன்பின்னும் சக்கரம் வேகம் இழந்துகொண்டே போனால், வெளிவழி வால்வு திறந்து அழுத்தம் குறைகிறது. சக்கரம் மீண்டும் வேகம் பிடித்ததும் அழுத்தம் படிப்படியாக ஏற்றப்படுகிறது. இந்தச் சுற்று நொடிக்குப் பல முறை நடக்கிறது. வெளியேறிய ஆயிலை ஒரு சிறு பம்ப், நாம் மிதிப்பதை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருப்பித் தள்ளுவதைத்தான் நம் கால் அதிர்வாக உணர்கிறது.

1950களில் விமானங்களில் பொருத்தப்பட்ட டன்லப்பின் மாக்சாரெட் கருவி, சக்கரம் திடீரென வேகம் இழப்பதை ஒரு சிறு சுழல்சக்கரத்தின் உதவியால் கண்டறிந்து அழுத்தத்தை விடுவித்தது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தபோது, அந்த வேலையைக் கணிப்பொறிச் சில்லுகள் ஏற்றுக்கொண்டன.

நம் மலைப்பாதையில் ஓரத்தில் சில்வர் ஓக் இலைகள் நனைந்து படிந்திருக்கும். நடுவில் தார் ஓரளவு காய்ந்திருக்கும். இடப்பக்கச் சக்கரங்கள் இலையிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது முழு அழுத்தம் கொடுத்தால், கார் வலப்பக்கமாகச் சுழன்றுவிடும். அதனால் பிடிப்புள்ள முன்சக்கரத்தில் அழுத்தத்தை மெதுவாக ஏற்றி, ஸ்டீயரிங்கைச் சரிசெய்ய ஓட்டுநருக்கு நேரம் கொடுக்கிறார்கள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும், அவற்றில் பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் அளவே கொடுக்கப்படுகிறது. நிற்கும் தூரம் சற்று நீண்டாலும் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகாமல் இருப்பதே மேல் என்ற இந்த முடிவு சரியானது என்பது என் உறுதியான கருத்து. எஸ்டேட் சாலைகளில் உதிரி ஜல்லி கிடக்கும் இடங்களில் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க அதிகத் தூரம் எடுக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்; லாக் ஆன சக்கரத்தின் முன்னால் ஜல்லி குவிந்து காரைத் தடுக்கும், உருளும் சக்கரத்துக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்து அது சூடேறிப் பிடிக்காமல் போனால் ஏபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது; அதற்கு இரண்டாவது கியர்தான் மருந்து.

சென்ற மழைக்காலத்தில் என் மாணவன் ஒருவன், மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை என்று தன் வீட்டுக் காரைக் கொண்டுவந்தான். அப்படி எரியும்போது வால்வுகள் தம் இயல்பு நிலையில் இருந்துவிடுவதால் சாதாரண பிரேக் பிடிக்கும். லாக் ஆகாமல் காக்கும் உதவி மட்டும் இருக்காது. பின்பக்கச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பல் வளையத்தின் இடுக்குகளில் செம்மண் காய்ந்து இறுகியிருந்தது. சென்சாரின் காந்த முனையில் பிரேக் தேய்மானத்தின் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, வயரைப் பழையபடி கிளிப்பில் மாட்டி, வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டினோம். முதல் திருப்பத்தை எட்டும் முன்பே விளக்கு அணைந்தது.