ஒட்டகம் மேய்த்தவர்கள் விட்டுப்போன எழுத்து

[காட்சி: ஒரு கருங்கல், மிக அருகில்]

இந்தக் கல்லைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கழுத்தை நீட்டி, வாலைத் தூக்கிக்கிட்டு நிக்கிற ஒரு ஒட்டகம் தெரியுதா? அதைச் சுத்தி வளைஞ்சு போற கோடுகள் கீறல் இல்லை, எழுத்து. "இன்னார் மகன் இன்னாருடையது, இந்த இளம் பெண் ஒட்டகம்." வரைஞ்சவர் போட்ட கையெழுத்துன்னே சொல்லலாம். வயசு சுமார் 2,000 வருஷம்.

[காட்சி: கண்ணுக்கெட்டிய தூரம் கருங்கற்கள்]

சிரியாவின் தெற்கு, ஜோர்டானின் வடகிழக்கு, சவுதி அரேபியாவின் வடக்கு. இந்த மூணையும் தொட்டுக்கிட்டுக் கிடக்கிற பாலைவனம் இது. மணல்மேடு கிடையாது. எரிமலைக் குழம்பு ஆறி, உடைஞ்சு சிதறின பசால்ட் கல்தான் எங்கேயும். இதை அரபியில் 'ஹர்ரா'ன்னு சொல்வாங்க. கல்லோட மேல்தோல் காலப்போக்கில் கருத்துப்போயிருக்கும். இன்னொரு கூரான கல்லால் கீறினா அடியில இருக்கிற வெளிர் சாம்பல் நிறம் வெளியே வரும். பலகை, பல்பம் ரெண்டும் காலடியிலேயே கிடந்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

இப்படி எழுதினவை இதுவரை 30,000-க்கும் மேல பதிவாகியிருக்கு. 'சஃபாயிட்டிக்' எழுத்துன்னு பேர். 1857-ல சிரில் கிரஹாம்ங்கிற ஆங்கிலேயப் பயணி இதை வெளியுலகத்துக்குச் சொன்னார். 1901-ல ஜெர்மானிய அறிஞர் என்னோ லிட்மன் படிக்கிற வழியை முழுசாக்கினார். மொத்தம் 28 எழுத்து, எல்லாமே மெய். உயிர் ஒலிக்குக் குறி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. வலமோ இடமோ, கல் போற போக்குக்கு வரியும் போகும்.

கல்வெட்டுன்னாலே நமக்கு ராஜாவும் தானமும்தான் ஞாபகம் வரும். இங்கே எழுதினவங்க ஆடும் ஒட்டகமும் மேய்ச்ச நாடோடிகள். மந்தை மேயும்போது நேரம் போகணும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கத்துக்கிட்டாங்கன்னு அறிஞர்கள் நினைக்கிறாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஏன்னா இதுல கணக்கு இல்லை, கட்டளை இல்லை. மேய்ச்சேன், மழைக்குக் காத்திருந்தேன், இன்னாருக்காக அழுதேன். அவ்வளவுதான். கூடவே அப்பா, தாத்தா, பாட்டன்னு நீளுற பேர் வரிசை. சில கல்லில் பத்துத் தலைமுறையும் தாண்டும். வருஷத்துக்குப் பெரும்பாலும் எண் கிடையாது, 'நபத்தேயர் (பெட்ராவைத் தலைநகரா வச்சு ஆண்டவங்க) போர் நடந்த வருஷம்'னு நிகழ்ச்சியை வச்சுதான் சொல்வாங்க.

[காட்சி: எழுத்தின் கடைசி வரி, பெரிதாக]

பல கல்லில் முடிவுல ஒரு வேண்டுதல் இருக்கும்: "லாத் தெய்வமே, பத்திரமா வச்சுக்கோ." சிலதுல அடுத்து ஒரு சாபம்: "இந்த எழுத்தை அழிக்கிறவன் குருடாகட்டும்." இங்கே ஒரு சொல்நயம் இருக்கு. அவங்க மொழியில் எழுத்தை அழிக்கிறதுக்கும் கண் போறதுக்கும் வேர்ச்சொல் ஒண்ணுதான். என் எழுத்தைக் குருடாக்கினா நீயும் குருடாப் போன்னு சொல்ற மாதிரி. கல்லைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒரு மேய்ப்பருக்கு இது எவ்வளவு பிடிச்சிருக்கும்!

[காட்சி: கற்குவியல்]

இறந்தவங்க மேல கல் குவிக்கிறது அவங்க வழக்கம். ஜோர்டானில் ஹானிங்கிறவரோட குவியலை 1950-களின் தொடக்கத்தில் லங்கெஸ்டர் ஹார்டிங்ங்கிற தொல்லியலாளர் அகழ்ந்து பார்த்தார். ஹானிக்காகக் கல் அடுக்கினேன்னு ஒவ்வொருத்தரும் தன் பேரோட தனித்தனிக் கல்லில் எழுதி வச்சிருந்தாங்க. அதனாலதான் கல் கிடந்த இடத்தைக் குறிக்காம அதைத் தூக்கிட்டுப் போறது பெரிய இழப்பு. யார் பக்கத்துல யார் நின்னாங்கங்கிறது அதோட போயிடும்.

கடைசியா, பல கல்லில் திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரி. வருஷங்கள் கழிச்சு அதே வழியா ஒருத்தர் வர்றார். பழைய கல்லில் தெரிஞ்ச பேர் கண்ணில் படுது. பக்கத்துலேயே அவரும் எழுதுறார்:

"தோழர்கள் விட்டுப்போன தடத்தைக் கண்டான். துயரம் தாங்கவில்லை."