நான்தான் டிரைவராம்

அனைவருக்கும் வணக்கம். ‘அந்தக்கால விளையாட்டுகள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கோலி, கில்லி, பம்பரம் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் செல்போனை நாலு திட்டுத் திட்டிவிட்டு உட்கார்ந்தால் என் வேலை முடிந்தது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் போன வாரம் என் பேரன் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, “தாத்தா, இது படகாம், நீ மீனாம்” என்றான். அதிலிருந்து அந்த ‘ஆம்’ காதிலேயே நிற்கிறது.

பெரியவர்கள் நாம் எதற்கு ‘ஆம்’ போடுகிறோம்? “அவருக்கு மாற்றல் வந்துடுச்சாம்”, “நாளைக்கு மழையாம்.” நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையதில்லை என்று நழுவுவதற்கு. பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. இருந்தாலும் “இது அடுப்பாம், மண்ணுதான் சோறாம்” என்கிறார்கள். சொன்ன மாத்திரத்தில் அடுப்பு எரிகிறது, சோறு கொதிக்கிறது, கை சுடுகிறது என்று ஒருத்தி விரலை ஊதுகிறாள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது தெரியும். பத்துப் பருவங்களில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்றை ஆண்பிள்ளையின் விளையாட்டுக்கே ஒதுக்கிவிட்டார்கள்.

எனக்கு நினைவு தெரிந்தது எழுபதுகளில், இங்கே கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். 1993இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை தென்னார்க்காடு முழுவதற்கும் கடலூர்தான் தலைநகரம். எந்நேரமும் வெளியூர் பஸ்தான். ஆகவே எங்கள் தெருவின் தலையாய விளையாட்டும் பஸ்தான். கிணற்றடியில் கிடக்கும் பழைய தாம்புக்கயிற்றின் இரண்டு முனைகளையும் முடிந்தால் பஸ் தயார். முன்னால் டிரைவர், பின்னால் கண்டக்டர், நடுவில் ஆறு பேர். தரையில் பொறுக்கி வந்த பழைய டிக்கெட்டுகள் நிறம் நிறமாகக் கண்டக்டரின் டவுசர் பையில் இருக்கும். விசில் மட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது. பூவரச இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளி, இறுக்கமில்லாமல் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் போதும். அந்தப் பூவரசு 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயலில் சாய்ந்தது. அன்று எத்தனையோ பலாவும் முந்திரியும் போயின. அதற்கு முன்னால் இது ஒரு கணக்கா, சொல்லுங்கள்.

பஸ் பெரும்பாலும் பாண்டிச்சேரிக்குத்தான் போகும். மஞ்சக்குப்பம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கண்டக்டர் ஒரே மூச்சில் கத்த வேண்டும். பாதி வழியில், அதாவது நாலாவது வீட்டுத் திண்ணை அருகில், எல்லை வரும். அங்கே ஒருவன் சிவப்பு பிளாஸ்டிக் குவளையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பான். பாண்டிச்சேரி போலீஸாம். அவர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குவளைக்கும் அதற்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் குவளை நிற்காது. கையால் பிடித்துக்கொண்டேதான் அவன் பஸ்ஸைச் சோதனை போடுவான்.

பம்பரத்தில் ‘அபீட்’ எடுத்தது, நுங்கு வண்டி ஓட்டியது, இதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன். சினிமாவுக்கு வருகிறேன்.

ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியில் இருக்கும் கறுப்புப் பகுதியை ஆணியால் தட்டி எடுத்து, உள்ளே இருக்கும் கம்பிகளையும் கண்ணாடித் தண்டையும் பக்குவமாக உடைத்து வெளியே கொட்ட வேண்டும். பத்தில் ஏழு பல்பு இதிலேயே போய்விடும். பிழைத்ததில் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். வீட்டின் நடு அறையில் கதவையெல்லாம் சாத்தி, அப்பாவின் வேட்டியைக் கட்டி, ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டு பல்பை வைப்போம். அதற்கு முன்னால் ஒரு துண்டு பிலிம். தலைகீழாகப் பிடித்தால்தான் வேட்டியில் ஆள் நேராக நிற்பார். ஏன் என்று அப்போது தெரியாது. பௌதிகப் பாடம் அப்புறம்தான் வந்தது. படம் அசையாது. கதையை நாங்கள்தான் சொல்வோம். ஒரே பிலிம் திங்கட்கிழமை சண்டைப் படம், செவ்வாய்க்கிழமை சோகப் படம்.

சரி, வெளிச்சம்? வாசலில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கதவிடுக்கு வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். கை ஆடினால் படம் சுவரேறிப் போய்விடும். அந்த வேலையை என் தம்பிக்குக் கொடுத்தோம். எல்லா ஆட்டத்திலும் அவன் ஒப்புக்குச் சப்பாணி, அதனால். தார் ரோட்டில் செருப்பில்லாமல் காலை மாற்றி மாற்றி நிற்பான். உள்ளே நாங்கள் விசிலடிப்போம். அவன் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

இது எனக்கு ஐம்பது வருடம் கழித்துத்தான் உறைத்தது. இந்தப் பேச்சுக்காகக் குறிப்பு எழுதும்போது அவனுக்குப் போன் போட்டு, “உன்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டோமேடா” என்றேன்.

“அதுக்கென்னண்ணா? நான் சூரியனாம்னு நீங்கதானே சொன்னீங்க” என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவனே, “அம்மாவோட கண்ணாடியை உடைச்சது நீங்க. அடி வாங்கினது நான். அதை மட்டும் மேடையில சொல்லிடுங்க” என்றான்.

சொல்லிவிட்டேன். வணக்கம்.