‘வராது’ என்று யார் சொன்னது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொசுக்கடியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘அன்றாட வாழ்க்கையைப் பெரிதும் சிரமமாக்குவது வெளிச்சூழலா, மனத்தடையா?’ என்பது தலைப்பு. மனத்தடைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் வீட்டு வாடகை, சிலிண்டர் விலை, காலை எட்டு மணிப் பேருந்தில் ஒற்றைக்காலில் நிற்பது என்று ஒரு பட்டியல் வாசித்தார். கடைசியில் என்னைப் பார்த்து, “மனசை மாற்றினால் வாடகை குறையுமா அம்மா?” என்று கேட்டார். குறையாது. அந்தக் கைதட்டல் அவருக்கே இருக்கட்டும். ஆனால் தலைப்பில் ‘பெரிதும்’ என்று ஒரு சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே. அதை அவர் வாசிக்காமல் தாண்டிவிட்டார்.

என் அத்தை பூ வியாபாரம் செய்கிறவர். வங்கிக்குப் போகும்போதெல்லாம் கூட யாராவது வரவேண்டும். பணம் கட்டும் தாளை என்னிடம் நீட்டுவார். “நீயே எழுதும்மா, எனக்குக் கணக்கு வராது.” இதே அத்தைதான் தெருவில் இருபது பேரைச் சேர்த்து ஏலச்சீட்டு நடத்துகிறார். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், மொத்தம் 1,00,000. ஒருவர் 25,000 ரூபாயை விட்டுக்கொடுத்து மீதியைச் சீட்டாக எடுக்கிறார் என்று வையுங்கள். அந்த 25,000-இல் அத்தையின் கமிஷன் 5,000 போனால் மீதி 20,000. இருபது பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 1,000. ஆக, “இந்த மாதம் நாலாயிரம் கட்டினால் போதும்” என்று கையில் பூவைத் தொடுத்தபடியே சொல்லிவிடுவார். நான் அதற்குள் செல்போனில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருப்பேன். கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். கணக்கு வராதவர் அவர்!

தமிழில் இந்த ‘வராது’ ஒரு விசித்திரமான சொல். ‘நான் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை’ என்றால் பொறுப்பு என்னுடையது. ‘எனக்கு நீச்சல் வராது’ என்றால் நான் தயாராக நிற்கிறேன், நீச்சல்தான் வரமாட்டேன் என்கிறது. கடைசி பஸ் வராது என்பதைப்போல அலுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். என் அத்தைக்கு யாரோ ஒரு டீச்சர் மூன்றாம் வகுப்பில் சொன்ன வார்த்தை அது. டீச்சர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தை நாற்பத்தைந்து வருஷமாக அதைச் சுமக்கிறார். வங்கிக்குப் போக ஒரு துணை, தாளை நிரப்ப ஒரு துணை, பஸ் கட்டணம் இரண்டு பேருக்கு. இதில் சூழ்நிலை எங்கே இருக்கிறது, நண்பரே?

சரி, இது ஒரு வீட்டுக் கதை என்பீர்கள். ஒரு மாவட்டத்தின் கதை சொல்கிறேன்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். வகுப்பு எடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போகவேண்டும். பஸ்ஸோ வரும்போதுதான் வரும். அதனால் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொள்ளட்டும் என்று இயக்கம் முடிவெடுத்தது. சைக்கிள் ஓட்டுவதும் ஒரு பாடம்! அடுத்த ஓரிரு வருஷங்களில் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள், இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள் என்று எல்லோரும்தான்.

எதிரணி அடுத்து என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். “பார்த்தீர்களா, சூழ்நிலையை மாற்றினார்கள், பெண்கள் மாறினார்கள்” என்பார்கள். இயக்கம் வந்தது, அதிகாரி துணை நின்றார், சைக்கிள் வாங்கக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் உண்மை. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சைக்கிள் என்ற சாமான் புதுக்கோட்டைக்கு 1991-இல்தான் வந்ததா? அண்ணன் வைத்திருந்தார், வீட்டுக்காரர் வைத்திருந்தார். திண்ணை ஓரத்தில் சாய்த்து வைத்த சைக்கிளைத் துடைத்து வைத்ததே பல வீடுகளில் பெண்கள்தான். வண்டி வாசலில் நிற்கிறது, சாலை வாசலில் தொடங்குகிறது, ஆனால் தலையில் குடத்தோடும் கூடையோடும் நடந்துதான் போனார்கள். நடுவில் இருந்தது பணமா, நடுவர் அவர்களே? ‘பொம்பளை சைக்கிள் ஓட்டுவதாவது’ என்ற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு டயரும் இல்லை, டியூபும் இல்லை. அது தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பழகினார்கள். பிறகு சில பெண்கள், “இதுவே நல்லது, குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்” என்றார்கள். தடை என்று நாம் எதைக் காட்டுவோமோ, அந்தக் கம்பிதான் குழந்தைக்கு இருக்கையாயிற்று. கேலி செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் மிஞ்சியது. விளைந்ததை எடுத்துப்போய் விற்றுவிட்டுத் திரும்பினார்கள், தண்ணீர் கொண்டுவந்தார்கள், மாலையில் வகுப்புக்கும் போனார்கள். சாலை அதே சாலை, கூலி அதே கூலி.

அந்தக் கேலிக்குப் பின்னால் நிற்பவர்தான் நம்முடைய பிரசித்தி பெற்ற ‘நாலு பேர்’. நாலு பேர் என்ன நினைப்பார்கள்? யார் அந்த நாலு பேர் என்று இதுவரை எந்தப் பட்டிமன்றமும் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் ஒருவர் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியர். 2000-இல் அவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். அதில் பாரி மானிலோ என்ற பாடகரின் பெரிய படம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்கொள்வது வெட்கக்கேடு. போட்டுக்கொண்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்வரவேண்டும். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால், படத்தில் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். ஆக, நாலு பேரில் இரண்டு பேர் பார்ப்பார்கள் என்று பயந்தோம். பார்த்தது ஒருவர். மற்ற மூவரும் அவரவர் சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம்.

இந்த ஒருவருக்காகத்தான் நம் வீடுகளில் கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறோம். இந்த ஒருவருக்காகத்தான் விருந்தாளி வரும் நாளில் மட்டும் அலமாரியிலிருந்து நல்ல தட்டு இறங்குகிறது. எதிரணி நண்பர் வாடகை கூடிவிட்டது என்றாரே, அவர் வீடு மாறியதன் காரணத்தை மேடைக்கு வருமுன் என்னிடம் சொன்னார். அதை இங்கே சொல்லமாட்டேன். அந்தக் காரணத்திலும் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதோடு விடுகிறேன்.

ஒரு விஷயத்தில் என் அணியையே நான் கொஞ்சம் திருத்தவேண்டியிருக்கிறது. எனக்கு முன் பேசிய எங்கள் அணித் தம்பி, ‘முடியும் என்று நம்பு, முடியும்’ என்றார். நான் அந்தக் கட்சி இல்லை. கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று நூறு முறை சொல்வது, பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதுப் பூட்டு போடுவதுபோல. நான் கேட்பது அதைவிடச் சின்ன வேலை. ‘எனக்கு வராது’ என்றால், எப்போது முயன்றாய், எத்தனை நாள், யார் பார்த்துச் சொன்னது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது அனுபவம், மதிக்கிறேன். எனக்குப் பாட்டு வராது என்பதை ஆறு மாதம் பாட்டு வகுப்புக்குப் போய்ச் சோதித்தேன். நிஜமாகவே வராது. என் பாட்டு டீச்சரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதிலும் எனக்கு ஒரு நிம்மதிதான், இப்போது மற்றவர் பாடுவதைப் பொறாமையில்லாமல் கேட்கிறேன். ஆனால் கார் ஓட்ட வராது, இங்கிலீஷ் வராது, மாமியாரிடம் பேச வராது என்று நான் வைத்திருந்த மற்றவற்றுக்கு அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. மாமியாரிடம் பேச வராது என்பதில் நான் முயன்ற நாட்கள் எத்தனை தெரியுமா? ஒன்று. அது கல்யாண நாள், அவருக்கு அன்றைக்குக் கடும் தலைவலி.

போன மாதம் அத்தையிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த டீச்சர் எனக்கு வாய்ப்பாடு மட்டும்தானே கேட்டுச்சு” என்றார். அப்புறம் அந்தத் தாளை வாங்கி அவரே எழுதினார். தேதியில் ஒரு தப்பு. அடித்து எழுதினார், வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தனியாகப் பஸ் ஏறி வந்தார்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஒரே ஒரு தகவல் மட்டும், நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு உதவும். மாலை ஆறு மணிக்கு மேடைக்குப் பின்னால் எதிரணி நண்பர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “மேடம், எனக்குக் கூட்டத்தில் பேசவே வராது, ஆள் வராததால் என்னை இழுத்துவந்துவிட்டார்கள்” என்றார். பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஐந்து முறை கைதட்டல் வாங்கினார், நான் எண்ணினேன். இப்போது என்னைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். நன்றி, வணக்கம்.