இரவல் பெயரில் தொடங்கிய கடை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சியோல் நகரத்துத் தெருக்களில் சற்று நடந்தால், ஊதாவும் இளம்பச்சையும் கலந்த சி.யு. பெயர்ப்பலகை எங்காவது கண்ணில் பட்டுவிடும். அன்றாடத் தேவைகளை இரவு பகலாக விற்கும் சிறு கடைகளின் தொடர் அது. தென்கொரியாவில் அந்தப் பலகையின் கீழ் இன்று 18,000க்கும் மேற்பட்ட கடைகள் இயங்குகின்றன. இவ்வளவு பெரிதாக வளர்ந்த நிறுவனம் முதல் 22 ஆண்டுகள் இரவல் பெயரில்தான் வணிகம் செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1989இல் சியோல் ஒலிம்பிக் வீரர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பில் செவன் இலெவன் என்ற வெளிநாட்டுத் தொடரின் இத்தகைய கடை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, பின்னாளில் சி.யு.வாக மாறிய கடைகளைத் தொடங்கிய போக்வாங் குழுமம், ஜப்பானின் ஃபேமிலிமார்ட் கடைத்தொடரிடம் பெயரையும் கடை நடத்தும் முறையையும் உரிமமாகப் பெற்று, அதே நகரின் காராக் பகுதியில் தன் முதல் கடையைத் திறந்தது. அங்காடியில் பேரம் பேசிப் பழகிய மக்களுக்கு, ஒரே விலையில், இரவு முழுவதும் விளக்கெரிய விற்கும் கடை புதுமையாக இருந்தது.

கொரிய மக்கள் பியொனிஜொம் என்று அழைக்கும் இக்கடைகளின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள ஒரு முக்கோணச் சோற்றுப் பொதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். சாம்காக் கிம்பாப் என்ற அந்த உணவில், கடற்பாசித் தாள் சோற்றின் ஈரம் பட்டு நமத்துப் போகாதபடி, இரண்டுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். உறையின் மேல் 1, 2, 3 என்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள்; முதல் எண்ணைப் பிடித்து நடுவே கிழித்து, மற்ற இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் உருவினால், உறை வெளியே வந்து, மொறுமொறுப்பான தாள் சோற்றின் மேல் படிந்துகொள்ளும். தனியாக வாழ்பவர், சமைக்க நேரமில்லாதவர், நள்ளிரவில் பசியோடு திரும்பும் மாணவர் ஆகியோருக்கு இது ஒரு வேளை உணவு. தனிநபர் வீடுகள் மொத்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்ட நாட்டில், தெருமுனைக் கடை பலருக்கு அடுக்களையாகவே ஆகிவிட்டது. கூரியர் அனுப்புவதும் பயண அட்டைக்குப் பணம் ஏற்றுவதும் அங்கேதான். 2012 நவம்பர் முதல் காய்ச்சல், தலைவலி மாத்திரைகளும் அங்கே கிடைக்கின்றன.

அதே 2012இல்தான் நிறுவனம் ஜப்பானியப் பெயரைக் கைவிட்டு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளின் பலகைகளை மாற்றத் துணிந்தது. வாடிக்கையாளர் குழம்பிவிடக் கூடாதே என்று சிறிது காலம் சி.யு. என்ற புதிய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். பழகிய பெயரை விடுவது எந்த வணிகருக்கும் நெஞ்சு படபடக்கும் செயல். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் கடை எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1997இன் நிதி நெருக்கடியில் வேலை இழந்த பலர் ஓய்வூதியத் தொகையைப் போட்டு பெரிய நிறுவனங்களின் பெயரை உரிமமாகப் பெற்று நடத்தும் கடைகளின் முதலாளிகளானார்கள். எதிரெதிரே கடைகள் பெருகப் பெருக, ஆள் வைக்கக் கட்டுப்படியாகாமல், கணவனும் மனைவியும் இரவு பகலாக மாறி மாறிக் கல்லாவில் நின்றார்கள். 2013இல் கடைக்காரர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் நாட்டையே உலுக்கின. அதன் பிறகே பின்னிரவு விற்பனையில் நட்டப்படும் கடையைத் திறந்து வைக்கும்படி நிறுவனங்கள் கட்டாயப்படுத்துவதற்குச் சட்டம் தடை போட்டது. 2018 இறுதியில், புகையிலைக் கடைகளுக்கு இடையே உள்ள தூர விதியை அளவாகக் கொண்டு, புதிய கடைகளை நெருக்கி வைக்காமல் இருக்கப் பெரிய நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. உள்நாட்டில் இடம் சுருங்கிவிட்டதை அவர்களே ஒப்புக்கொண்ட தருணமாக இதை நான் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் கடை திறக்கும் சி.யு.வின் முயற்சியும் எளிதாக அமையவில்லை. ஈரானில் 2017இல் கால் வைத்து அடுத்த ஆண்டே விலக நேர்ந்தது. ஆனால் 2018இல் மங்கோலியாவின் உலான்பாதரில் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குப் பெயரை உரிமமாகக் கொடுத்தபோது, ஆறு ஆண்டுகளில் கடைகள் 400ஐத் தாண்டின. அங்கே கிம்பாப்போடு, இறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த மங்கோலியப் பூஸ் கொழுக்கட்டையும் சூடாக விற்கிறார்கள். மலேசியாவும் கசகஸ்தானும் பின்னர் சேர்ந்தன. ஒரு காலத்தில் டோக்கியோவுக்கு உரிமத் தொகை செலுத்திய நிறுவனத்துக்கு, இன்று உலான்பாதரிலிருந்து உரிமத் தொகை வருகிறது.