பாக்காவ் மரமே நமக்கு அணை
(பட்டர்வொர்த் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, முழங்கால் வலியோடு படியேறி வந்த டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள் நம் பெரியவர்கள். புயல் எப்படிப் பிறக்கிறது, கடல் உயிர்களை என்ன செய்கிறது, கரைக்காடுகளை என்ன செய்கிறது என்று மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

புயல் பிறக்கக் கடல்நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். மேலெழும் காற்றைச் சுழல வைக்கப் பூமியின் சுழற்சியும் கைகொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விசை குன்றிவிடும். அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் மலேசியப் பக்கம் புயல் வராது என்று நம்பி வளர்ந்தோம். 2001 டிசம்பர் 27-இல் வாமெய் புயல், நிலநடுக்கோட்டிலிருந்து அட்சரேகையில் ஒன்றரை டிகிரி தூரத்தில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் சென்யார் புயல் நம் மலாக்கா நீரிணையிலேயே பிறந்தது. சுமத்ராவைச் சூறையாடிவிட்டு இந்தக் கரைக்கும் வந்தது. இனியும் வராது என்று யார் சொல்வது?

2017 நவம்பர் 4 இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெருமழை வெள்ளத்தில் பினாங்கில் 7 உயிர்கள் போயின. வந்தது முழுப்புயல்கூட இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் இடுப்பளவு. அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்துகொண்டு, குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, “இதை விட்டுட்டு நான் வரமாட்டேன்டா” என்கிறார். இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம். பக்கத்துத் தெரு பாக்சிக் (மலாயில் பெரியவரைப் பாக்சிக், பெரியம்மாவை மாக்சிக் என்போம்), மீன்பிடிக்கிறவர், தன் சம்பான் படகை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். “மாக்சிக், விளக்கும் ஏறட்டும், நீங்களும் ஏறுங்கள்” என்றார். விளக்கு முதலில் ஏறியது, அம்மா பிறகு. மறுநாள் கேட்டேன்: “அவ்வளவு காற்றிலே உங்க படகு மட்டும் எப்படித் தப்பிச்சுது?” துறையில் கட்டிய படகுகள் மோதி உடைந்து கிடந்தன. அவர் மட்டும் மாலையிலேயே தன்னுடையதை, கடற்கரைச் சேற்றில் வளரும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களுக்கு நடுவே கால்வாய்க்குள் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். வெள்ளம் வருமுன் அணை போட்டவர் அவர்!

அவர் அனுபவத்தில் கண்டதை ஆய்வும் சொல்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. கேந்திரபாரா மாவட்டத்தில் 400-க்கும் மேற்பட்ட ஊர்களைச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவு. அந்தக் காட்டுக்கும் அடி விழும். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையே சிதைத்துவிட்டது. ஆனாலும் ஊருக்கு முன்னே நின்று முதல் அடியை வாங்குவது அதுதான்.

கடல் உயிர்களைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. புயல் கடலைக் கடையும்போது அடியிலுள்ள குளிர்ந்த சத்துநீர் மேலே வந்து நுண்பாசிகள் பெருகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது நாற்று நட ஆட்கள். பாக்காவ் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். கூர்முனை கீழே இருக்கும்படி அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் செருகினால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம். மாண்புமிகு அவர்களே, தெலுக் ஆயர் தாவார் கரையில் மிஞ்சியிருக்கும் காட்டில் ஒரு மரமும் விழாமல் காக்கச் சட்டமன்றத்தில் குரல் கொடுங்கள். தலைமையாசிரியை அம்மா, பிள்ளைகளை அனுப்புங்கள். வரும் ஞாயிறு காலை ஏழரைக்குக் கடல் வற்றுகிறது. பழைய காலணியும் மாற்று உடையும் கொண்டுவாருங்கள். பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. வணக்கம்.