தெருநாயைக் கெடுப்பது அலட்சியமா, அரைகுறை வைத்தியமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனியையும் பார்க்காமல் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் தருமபுரிப் பெருமக்களே, வணக்கம்.

தெருநாய்கள் படும் பாட்டுக்குப் பெரிதும் காரணம் மக்களின் அலட்சியம்தான் என்று எனக்கு முன்னால் பேசிய அம்மா முழங்கிவிட்டுப் போனார். குட்டியில் கொஞ்சுகிறார்கள், வளர்ந்ததும் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்கள், கோடையில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்க ஆளில்லை, அடிபட்டுக் கிடந்தாலும் வண்டியை ஒதுக்கி ஓட்டிப் போகிறார்கள் என்றார். அத்தனையும் உண்மை. 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே, வளர்த்த பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு. அம்மாவின் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் அலட்சியத்தைவிட அரைகுறை வைத்தியம்தான் தெருநாயைக் கெடுக்கிறது என்பது எங்கள் கட்சி. நான் கால்நடை மருந்தகத்தில், நம்ம ஊர்ப் பேச்சில் மாட்டாஸ்பத்திரியில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அலட்சியக்காரர் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் பாசக்காரர்கள். நாயைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்து, கண் கலங்க வருவார்கள். "இதுக்கு முன்னாடி ஏதாவது கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்பார். அங்கேதான் கதை ஆரம்பிக்கும்.

சொறியை எடுத்துக்கொள்வோம். ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி என்று பெங்களூர் ரோடு நெடுக லாரிப் பட்டறைகள். அங்கே இன்ஜினில் வடித்த வேஸ்ட் ஆயிலுக்குப் பஞ்சமே கிடையாது. தெருவில் ஒரு நாய்க்கு முடி கொட்டினால் போதும், இரக்கமுள்ள ஒருவர் அதைப் பூச டப்பாவோடு கிளம்பிவிடுவார். சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிப் பூச்சி. சில வகை தோலுக்குள்ளேயே வளை தோண்டி முட்டையிடும். எண்ணெய் பட்டதும் பொருக்கு இளகும், அரிப்பு ரெண்டு நாள் அடங்கின மாதிரி இருக்கும். "பாத்தீங்களா, கேக்குது!" என்பார். ஆனால் நாய் சும்மா இருக்குமா? உடம்பை நக்கும். இன்ஜினில் தேய்ந்த உலோகக் கசடும் பெட்ரோலியக் கழிவும் நாக்கு வழியாகக் குடலுக்கும் ஈரலுக்கும் போகும். ஏற்கனவே புண்ணான தோல் இன்னும் வெந்துபோகும். அப்புறம் அந்த நாய் கறுத்து நாறுகிறது என்று கடைவாசலில் அண்டவிடாமல் கல்லெறிகிறார்கள். நடுவர் அவர்களே, எதிரணி சொல்கிற அலட்சியமே இந்த வைத்தியம் பெற்ற பிள்ளைதான். இன்னொரு கெடுதலும் உண்டு. ஒருவர் ஆயில் பூசிவிட்டால், "அவரு பாத்துக்கிறாரு" என்று தெருவே நிம்மதியாகிவிடும். யாருமே பார்க்காமல் விட்ட நாயையாவது ஒருநாள் யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள்.

உண்ணி பிடித்தால் மாந்தோப்புக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் வாயில் நுரை, உடம்பெல்லாம் துடிப்பு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். நாய் பேச்சில் பூனைக்கும் ஒரு நிமிஷம் கொடுங்கள்: நமக்குத் தலைவலி போக்குகிற அந்த ஒற்றை மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. உடம்பு வலிக்கு நாம் போடுகிற ஐபுப்ரோஃபென், நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

குட்டிகளுக்கு வருகிற பார்வோ பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் அது. வாந்தி, ரத்தக் கழிச்சல். குட்டி நீர் வற்றித்தான் சாகும், அதனால் உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வாந்தி எடுக்கிற குட்டியின் வாயைப் பிளந்து மாதுளை ஓட்டுக் கஷாயம் ஊற்றுகிறோம். அது புரையேறி நுரையீரலுக்குள் போகிறது. குட்டி செத்ததும் அடுத்த மாசமே இன்னொன்று கொண்டுவருவார்கள். அதுவும் சாகும். "எங்க வீட்டுக்கு நாய் ராசி இல்லைங்க" என்பார்கள். ராசி என்ன செய்யும்? அந்த வைரஸ் வாசல் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. ஆறேழு வாரத்தில் தொடங்கி முறையாகத் தடுப்பூசி போட்ட குட்டி தப்பித்திருக்கும்.

நடுங்க வைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். வெறிநோய் முற்றிய நாய் எல்லாமே பாய்ந்து கடிக்காது. சில நாய்களுக்குத் தாடை தொங்கிவிடும், விழுங்க முடியாது, எச்சில் வழியும். "பாவம், எலும்பு சிக்கிடுச்சு" என்று கையை வாய்க்குள் விடுகிறவர் யார்? அலட்சியக்காரர் பத்தடி தள்ளிப் போய்விடுவார். விடுகிறவர் இரக்கமுள்ளவர். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். அப்புறம் அந்தக் கைக்கும் நம் ஆட்கள் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்புவார்கள்! சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஊசிக்கு ஓட வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. வெறிநாய்த் தடுப்பூசியை லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885இல். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது 1907இல். இன்னும் நாம் சுண்ணாம்பு டப்பாவைத் தேடுகிறோம்.

"அதியமான் நெல்லிக்கனி கொடுத்த மண், இரக்கத்தைக் குறை சொல்லலாமா?" என்று எதிரணியில் ஒரு தம்பி உணர்ச்சிவசப்பட்டார். தம்பி, அதியமான் அது என்ன கனி என்று தெரிந்துதான் ஔவைக்குக் கொடுத்தான். மலையில் கைக்கு அகப்பட்ட காயை எல்லாம் பறித்துக் கொடுத்திருந்தால் ஔவையின் பாட்டு அன்றோடு நின்றிருக்கும்.

"தெருநாயை யார் பிடித்துத் தூக்கிப் போவது?" என்றும் கேட்டார். பல நேரம் பிடிக்கவே வேண்டாம். சொறிக்கு இப்போது சோற்றில் பிசைந்து வைக்கிற மருந்துகள் இருக்கின்றன. செல்போனில் நாலு படம் எடுத்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், நாயின் எடையும் வயதும் உத்தேசமாகச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஐவர்மெக்டின் சொறிக்கு நல்ல மருந்துதான், ஆனால் கோலி என்கிற சீமை நாய் மாதிரி சில இன நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும். தூக்கவே முடியாத நிலை என்றால் கால்நடை உதவி எண் 1962க்கு போன் போட்டு வழி கேளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. வேலையையும் விட்டுவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாய் பின்னாலேயே தெருத்தெருவாக ஓடினாரே ஒருவர், அவரை அலட்சியக்காரர் என்று நேரில் சொல்லிப் பாருங்கள். அழுதுவிடுவார். அவருக்காகவாவது தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.